கூரை மைக்கை இறக்கிய இடம்

உங்கள் ஸ்டூடியோவுக்கு நான் வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எனக்காகக் காத்திருக்கின்றன. முதலாவது, பதிவறைக் கதவுக்கு வெளியே ஒரு சுவிட்ச், உள்ளே மிக்ஸருக்கு நேர் எதிரே ஒரு மஞ்சள் பல்பு. இதை எந்த மகராசன் வைக்கச் சொன்னான் என்பது. அந்த மகராசன் நான்தான். போராடி வைத்தேன். இத்தனை வருடத்தில் அது ஒருமுறைகூட எரிந்ததில்லை, அந்த ஒயரில் துணி காயப்போடலாமா என்று பார்க்கிறோம் என்று உங்களில் ஒருவர் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது கேள்வி ஆரணியாறு பேண்டின் அந்த ஒரே இசைத்தட்டைப் பற்றியது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு, "லெவல் கிராசிங்." பாதிக்கு மேல் போனதும் எங்கோ ஒரு சைரன் எழுந்து அடங்கும். மறுபடி எழும்போதே சட்டென்று காணாமல் போகும். அதோடு அந்தக் கூடத்தின் முழக்கமும் போய், பாடுகிறவன் எழுந்து வந்து நம் காதருகில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும். "அந்தக் காலத்து மெஷினை வைத்துக்கொண்டு அதை எப்படி சார் செய்தீங்க?" என்று கேட்கிறீர்கள்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். நேரில் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். படிக்கும்போது என்மீது கோபம் வந்தால் வரட்டும்.

நான் திருவள்ளூர்க்காரன். கோயில் கைங்கர்யம் செய்கிற வீடு. பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருபது பேர் சேர்ந்து சொல்லும்போது மூன்றாவது ஆள் ஓர் எழுத்தை விழுங்கினால் என் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காது எனக்கு வந்தது, அந்த வேலை வரவில்லை. ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய் ஓர் இசைத்தட்டுக் கம்பெனியில் டேப் நகல் எடுக்கும் அறையில் சேர்ந்தேன். ஜன்னல் இல்லாத அறை. அடுத்தவர் பதிவு செய்ததை இன்னொரு டேப்பில் ஏற்றிக்கொண்டே ஆறு வருடம் ஓட்டினேன். ஒரு நாளாவது ஒரு மைக்கை நானே வைக்க மாட்டேனா என்று வெந்துகொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் அந்த நாள் வந்தது. ஆரணியாறு பேண்டு என்பது கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை பார்த்த நான்கு பையன்கள். பாடுவதும் முன் கிதாரும் ஜெபராஜ். டிரம்ஸ் முனுசாமி. மற்ற இருவர் அண்ணன் தம்பிகள். இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லாததால் பெயர் சொல்லிக் குழப்பவில்லை. ஊர் மிஷன் பள்ளியின் பேண்டு வாத்தியத்தில் தொடங்கியவர்கள், யாரோ ஒரு பாதிரியார் விட்டுப்போன அமெரிக்க இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு அந்த நாட்டுத் தெற்குப் பக்கத்து ராக் பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். கிதார் அழும், டிரம்ஸ் சரக்கு ரயில்போல் நிதானமாகப் போகும், பாட்டு மட்டும் தமிழில். ஆலையில் வெட்டிப்போட்ட சின்ன இரும்புக் குழாய்த் துண்டை விரலில் மாட்டிக்கொண்டு ஜெபராஜ் தந்தியின் மேல் இழுப்பான். "ஏம்ப்பா, இது சதர்ன் ராக் ஆச்சே, உங்களுக்கு எதுக்கு?" என்று எங்கள் மேலாளர் கேட்டாராம். "நாங்களும் சவுத்துதான சார்" என்றானாம் ஜெபராஜ். அந்தப் பதிலுக்காகவே அவர் ஒப்புக்கொண்டார் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள்.

ஒப்புக்கொண்டாரே தவிர ஸ்டூடியோ கிடைக்கவில்லை. பட்டணத்தில் இருந்த கூடங்களையெல்லாம் சினிமாக்காரர்கள் வளைத்துப் போட்டிருந்தார்கள். அதனால் கம்பெனியின் வேனில் மெஷினையும் மைக்குகளையும் ஏற்றி, கும்மிடிப்பூண்டியில் மிஷனுக்குச் சொந்தமான பழைய தானியக் கிடங்கையே ஸ்டூடியோவாக்குவது என்று முடிவானது. கிளம்புகிற அன்று பெரிய ரெக்கார்டிஸ்டுக்கு மஞ்சள் காமாலை. மேலாளர் நகல் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "நீ போறியா? நாலு நாள். எட்டுப் பாட்டு. எட்டு வந்தா பெரிய தட்டு, எல்.பி. ஏழு வந்தா ரெண்டு பாட்டைச் சின்னத் தட்டாப் போட்டுட்டு விட்டுருவேன். நாலாம் நாள் சாயந்திரம் ஆறு மணிக்கு வேன் இங்க நிக்கணும், மறுநாள் அந்த மெஷின் வேற இடத்துக்குப் போகுது." எட்டு வந்தால் எனக்கு நகல் அறையிலிருந்து விடுதலை என்று அவர் சொல்லவில்லை. இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

கிடங்கு நல்ல கிடங்கு, ஆலையிலிருந்து கூப்பிடு தூரம். தடித்த சுவர், உயரமான ஓட்டுக் கூரை. கைதட்டினால் சத்தம் மேலே போய்ச் சுற்றிவிட்டு இறங்கியது. அந்தச் சுற்றலைப் பிடிக்க ஒரு மைக்கைக் கூரைக் காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் கட்டினேன். அதைத்தான் கூரை மைக் என்று சொல்வேன். கூடத்தை ஒட்டியிருந்த குமாஸ்தா அறையில் மெஷினோடு நான். நடுவே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். வாசல் கதவு ஒன்றே ஒன்று. அதை உள்ளே தாழ்போட்டு, மெத்தையைச் சாத்தி, வெளியே ஒரு சிவப்பு பல்பு தொங்கவிட்டேன். அது எரிந்தால் பிரம்மாவே வந்தாலும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. இரண்டாம் நாள் எங்கள் டிரைவர் பாட்டுக்கு நடுவில் வேனைக் கிளப்பி ஒரு நல்ல டேக்கைக் கெடுத்தார். சத்தம் போட்டு, சாவியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு அதில் பெருமை. எல்லாவற்றையும் அடக்கி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடக்க முடியாதது ஆலைச் சங்கு. சைரனை அங்கே எல்லோரும் சங்கு என்றுதான் சொல்வார்கள். பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது கூரை ஓடு அதிரும். முதல் நாளே முனுசாமி எனக்கு விளக்கிவிட்டான். நான் நாமம் போட்டவன் என்பதால் அவனுக்கு நான் சாமி.

"நீட்டா ஒரே இழுப்பு இழுத்தா ஷிப்ட்டு சாமி. விட்டு விட்டு இழுத்தா எவனோ அடிபட்டான்னு அர்த்தம்."

"அடிக்கடி இழுக்குமா?"

"நான் வேலைக்கு சேந்து நாலு வர்சம் ஆவுது. ரெண்டு தபா இழுத்துக்குது."

ஆக, எனக்குத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் தெரியும். முனுசாமிக்கு மட்டும் ஆலையில் நான்கு நாள் லீவு கொடுக்கவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஷிப்டை வேறொருவன் செய்து கொடுத்தால் மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார். முனுசாமியின் தங்கை புருஷன் ஏழுமலை அந்த மாற்று ஷிப்டை ஏற்றுக்கொண்டிருந்தான். காலை ஆறிலிருந்து இரண்டு வரை கம்பிக் கட்டு ஏற்றுகிற தன் வேலை. இரண்டிலிருந்து இரவு பத்து வரை முனுசாமியின் வேலை. உருளையிலிருந்து சிவக்கச் சிவக்க ஓடிவரும் கம்பியை இடுக்கியால் பிடித்து மறுபக்கம் திருப்பிவிடுவது. அந்தப் பக்கம் அவன் அதிகம் நின்றதில்லை. தினமும் இரண்டு மணிக்கு, ஷிப்ட் மாறுகிற இடைவெளியில் கிடங்குப் பக்கம் வந்து தலையை நீட்டுவான்.

"இன்னா மச்சான், எத்தினி பாட்டு முட்ஞ்சிது?"

"மூணுடா. நீ துன்னியா?"

"துன்னேன் துன்னேன். நீ கைய நல்லா போடு. நம்ப பேரு ரேடியோல வர்ணும்."

நம்ப பேரு என்றுதான் சொன்னான். நான்காம் நாள் அவன் வந்தபோது கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தது. நான் கொடுத்த டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டு, டம்ளரை என் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனான். நான் பதறிப்போய் டம்ளரை எடுத்தேன். அவன் முகத்தைவிட அந்த டம்ளர்தான் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அந்த நான்காம் நாள் மத்தியானம் வரை ஏழு பாட்டு முடிந்திருந்தது. எட்டாவது நொண்டியடித்தது. லெவல் கிராசிங் நீளமான பாட்டு. மூடிய கேட்டின் முன்னால் சரக்கு ரயிலுக்குக் காத்திருக்கிற ஒருத்தனின் பாட்டு. அப்போதெல்லாம் எல்லோரும் ஒன்றாக வாசிக்க, மைக்குகளை அந்த நேரத்திலேயே கலந்து டேப்பில் இறக்குவோம். பிறகு தனித்தனியாகத் தொட முடியாது. ஒருவர் சறுக்கினால் எல்லோரும் முதலிலிருந்து. முதல் முறை தந்தி அறுந்தது. அடுத்த முறை தம்பிக்காரன் தாளம் விட்டான். மூன்றாவது முறை முடிகிற இடத்தில் ஜெபராஜின் தொண்டை கம்மியது. வெந்நீர் கொடுத்தோம், பேசாதே என்றோம். மணி நான்கைத் தாண்டிவிட்டது. நாலே முக்காலுக்காவது கிளம்பினால்தான் ஆறு மணிக்குப் பட்டணம். என் உள்ளங்கை வேர்த்து மிக்ஸர் குமிழெல்லாம் வழுக்கியது.

"இன்னொரு தபா பாடுனா அவ்ளோதான் சார், தொண்ட பூடும்" என்றான் ஜெபராஜ்.

"பேஜார் பண்ணாதடா, ஒரே தபா. ரயிலு போற மாரி போய்டலாம்" என்றான் முனுசாமி.

தாழ்போட்டேன். சிவப்பு பல்பைப் போட்டேன். ஓடவிட்டேன்.

உங்களில் சிலருக்கு இந்த அனுபவம் இருக்கும். நாலைந்து வரி போவதற்குள் தெரிந்துவிடும், இதுதான் அந்த டேக் என்று. நான்கு பேரும் ஒரே மூச்சில் இருந்தார்கள். முனுசாமி கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். ஜெபராஜின் கம்மல்கூட அந்தப் பாட்டுக்காகவே வந்தது போலிருந்தது. எனக்குக் கழுத்துப் பின்னால் சிலிர்த்தது. கெட்டுப்போகாமல் இருக்கணுமே, கெட்டுப்போகாமல் இருக்கணுமே என்று அதையே ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஹெட்போனில் ஓர் இழுப்பு கேட்டது. ஜெபராஜ் குழாய்த் துண்டால் புதிதாக ஏதோ இழுக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடி வழியே பார்த்தேன். அவன் கை தந்தியில் இல்லை. இழுப்பு எழுந்தது, இறங்கியது, நின்றது. ஒரு மூச்சு விட்டு மறுபடி எழுந்தது.

விட்டு விட்டு.

பொய் சொல்ல மாட்டேன். முதலில் நினைவுக்கு வந்தது ஏழுமலையின் சிவந்த கண்கள்தான். அதே நேரத்தில் என் வலது கை தானாகப் போய்க் கூரை மைக்கின் குமிழைப் பிடித்து அடிவரை இறக்கியது. சங்கு போய்விட்டது. கூடத்துக்குள் அந்த நான்கு பேருக்கும் தங்கள் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்க வழியில்லை. அந்தக் கிடங்கில் சங்கைக் கேட்டவன் நான் ஒருவன்தான். என் பேச்சு மைக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "நிறுத்துங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சொல்லவில்லை. அடிபட்டது வேறு யாராவதாக இருக்கும் என்று நினைத்தேன். சின்னக் காயமாக இருக்கும். ஆலையில் ஜீப் இருக்கிறதே. நாம் போய் என்ன செய்யப்போகிறோம். இதோ முடிந்துவிடும், முடிந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம். நினைத்தது எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. சட்டைப் பையிலிருந்த வேன் சாவி அதோடு சேர்ந்து ஆடியது. ஜெபராஜ் கடைசி வரியைப் பாடினான். கிதார் ஓய்ந்தது. முனுசாமி சிம்பலை ஓர் அடி அடித்துவிட்டுக் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அந்த ஓசை முழுக்க அடங்குகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அந்த ஓசையும் பாட்டில் சேர்ந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். கதவு இடிபட்டுக்கொண்டிருந்தது.

தாழை நீக்கியதும் ஆலை வாட்ச்மேன் உள்ளே விழுந்தார். அவர் பின்னால் எங்கள் டிரைவர்.

"எவ்ளோ நேரமா தட்டிக்கினு கீறோம்! செவிடா நீங்கெல்லாம்? வண்டி வோணும்யா. ஆல ஜீப்பு பொன்னேரி பூட்ச்சி. முனுசாமி மாத்து ஷிப்ட்டு ஆளு... கம்பி கையில சுத்திக்கிச்சி."

முனுசாமி கையிலிருந்த குச்சிகளோடு ஓடினான். நான் சாவியை எடுத்து நீட்டினேன். சாவி எவ்வளவு சூடாக இருந்தது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது.

வேனின் பின்பக்கத்தில் மைக்குகளுக்குப் போட்டிருந்த மெத்தையில் ஏழுமலையைக் கிடத்தினோம். வலது கை முழுக்கத் துணி சுற்றியிருந்தது. அதற்கு மேல் அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் செங்குன்றம் வரை ஆந்திரா லாரிகள் வழிவிடாமல் ஊர்ந்தன. எங்கள் டிரைவர் தலையை வெளியே நீட்டித் தெலுங்கிலும் தமிழிலும் திட்டிக்கொண்டே ஓட்டினார். முனுசாமி ஏழுமலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுல்லடா, ஒண்ணுல்லடா" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். பாதி வழியில் ஏழுமலை கண்ணைத் திறந்தான்.

"பாட்டு முட்ஞ்சிதா மச்சான்?"

"முட்ஞ்சிதுடா."

"எட்டும்?"

"எட்டும்."

ஏழுமலை மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கையை எடுத்துவிட்டார்கள், முழங்கைக்குக் கீழே. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது நான் அவரைத் தனியே நிறுத்தி, "ரெண்டு நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா கை நின்னிருக்குமா சார்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "ரெண்டு நிமிஷமா? ரெண்டு நிமிஷத்துல என்னய்யா இருக்கு? அந்தக் கை அங்கேயே போயிடுச்சு" என்றார். அந்த வாக்கியத்தை நான் மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தூக்கம் வராத நாளெல்லாம் அதை எடுத்துச் சொல்லிக்கொள்வேன்.

தட்டு வெட்டுவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து கேட்கிற நாள் வந்தது. மேலாளர், ஜெபராஜ், முனுசாமி, நான். கடைசிப் பாட்டில் சங்கு வந்ததும் மேலாளர் நிமிர்ந்தார். "அட, சைரனா! லெவல் கிராசிங்குக்குப் பொருத்தமா இருக்கே. அப்புறம் சட்டுனு குரல் கிட்ட வருது பாரு. யார் யோசனை இது?" ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "அத்த எடுத்துடுங்க சார்" என்றான். எடுக்க முடியாது, பாட்டோடு கலந்துவிட்டது என்றேன். முனுசாமி டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பவே அடிச்சிதா? எனக்கு கேக்கவே இல்லியே. ஒனக்கு கேட்டுதா சாமி?"

இங்கேதான் நான் உங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த பொய்யைச் சொன்னேன். நம் தொழிலில் எல்லோரும் ஒளிந்துகொள்கிற இடம் அது.

"ஹெட்போன்ல பாட்டுதான் கேட்டுது முனுசாமி. வெளிச்சத்தம் வந்தா மெஷின் தானா அமுக்கிடும்."

"மெஷினு" என்றான். பிறகு, "இர்க்கட்டும் சார், சங்கு அப்டியே இர்க்கட்டும்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான்.

தட்டு வந்தது. கொஞ்சம் விற்றது. பத்திரிகையில் ஒருவர் அந்தச் சைரனைப் புகழ்ந்து எழுதினார். நான் நகல் அறையிலிருந்து வெளியே வந்தேன், என் பெயருக்குக் கீழே ரெக்கார்டிஸ்ட் என்று போட்டார்கள். வீட்டில் அம்மா பெருமாளுக்கு அக்காரவடிசல் செய்தாள். முனுசாமி அதற்குப் பிறகு டிரம்ஸ் பக்கம் வரவில்லை. பேண்டும் அத்தோடு நின்றது. இரண்டாவது தட்டு ஏன் வரவில்லை என்று கேட்பீர்களே, காரணம் இவ்வளவுதான்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தட்டையும் கையில் தூக்கிச் செல்கிற பிளேயரையும் எடுத்துக்கொண்டு எளாவூருக்குப் போனேன். ஏழுமலையின் வீடு அங்கேதான். அவன் இன்னும் தட்டைக் கேட்கவில்லை என்று ஜெபராஜ் எழுதியிருந்தான். அவர்களிடம் பிளேயர் இல்லை. போகாமல் இருக்கக் காரணம் தேடித் தேடி, ஒன்றும் மிஞ்சாததால் போனேன்.

"வா சாமி, வா. ஊடு தேடி வந்துக்கிற" என்று வாசலுக்கே வந்துவிட்டான். சட்டையின் வலது கையை மடித்துக் குண்டூசி குத்தியிருந்தது. ஆலையில் வேலையை விட்டு அனுப்பவில்லை, கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றான். உள்ளே வருகிற லாரியை எழுதிக்கொள்வது, நேரத்துக்குச் சங்கு போடுவது. "இப்போ சங்கு நம்ப கையில" என்று சிரித்தான்.

தட்டைப் போட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் இடது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டான். முனுசாமி ஒரு நல்ல உருட்டு உருட்டினால் உள்ளே திரும்பி, "தனம், ஒங்கண்ணன்!" என்று பொண்டாட்டிக்குக் குரல் கொடுத்தான். நான் கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.

சங்கு வந்தது. அவன் கை தொடையில் நின்றது. இரண்டாவது இழுப்பு தொடங்கி, அறுந்தது. ஏழுமலை நெற்றியைச் சுருக்கினான்.

"இன்னா சாமி, சங்கு நின்னு போச்சி?"

நான் சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெசத்துல நிக்கல சாமி. வண்டி வந்து ஆள ஏத்துற வரிக்கும் விட்டு விட்டு அடிச்சிக்கினே இர்க்கணும், அதான் ரூலு. இப்போ நான்தான அந்த வேல பாக்குறேன். நான் கீய கெடக்கசொல்லோ கேட்டுக்கினேதான் இர்ந்தேன். அது அடிக்கிற வரிக்கும் வண்டி வர்லன்னு அர்த்தம். எப்போ நிக்கும், எப்போ நிக்கும்னு அதையேதான் கேட்டுக்கினு இர்ந்தேன். இதுல எப்டி நின்னுது?"

மெஷின் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வீட்டில், அவன் எதிரில், அது வெளியே வரவில்லை.

"நான்தான் நிறுத்தினேன் ஏழுமலை. எனக்குக் கேட்டுது. அடிபட்டதுக்கு அடிக்கிற சங்குன்னும் தெரியும். பாட்டு கெட்டுடும்னு அந்த மைக்கை இறக்கிட்டேன். வண்டிச் சாவி என் பையிலதான் இருந்துது."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தனம் கதவருகில் வந்து நின்றுவிட்டாள். எழுந்து என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அங்கேர்ந்து பாட்டு முடிய எவ்ளோ நேரம்?" என்று கேட்டான்.

எனக்கு அது தெரியும். எத்தனையோ முறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு" என்றேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன், ரெண்டு நிமிஷத்தில் ஒன்றும் மாறியிருக்காது என்று. சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"மறுக்கா போடு சாமி. சங்குலேர்ந்து."

ஊசியை எடுத்து வைத்தேன். அவன் தாளம் போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மடித்த சட்டைக் கையை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நானும் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஆந்திர எல்லைச் செக்போஸ்ட்டில் லாரிகள் நின்று நின்று நகர்ந்தன. ஜெபராஜ் பாடினான், பாடிக்கொண்டே இருந்தான். கிதார் ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று வந்தது. கடைசி வரி. சிம்பல். அந்த ஓசை அடங்குகிறவரை.

ஏழுமலை கண்ணைத் திறந்தான்.

"ரொம்ப நேரம்தான் சாமி" என்றான்.

நான் பிளேயரை மூடி எழுந்தேன். வாசல் வரை வந்து, "முனுசாமிக்கு நீயே சொல்டு" என்றான். அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். முனுசாமி அதன்பின் என்னோடு பேசவேயில்லை. நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எந்தக் கூடத்திலும் உள்தாழ் போடவிட்டதில்லை. எல்லாவற்றிலும் வெளியே ஒரு சுவிட்ச், உள்ளே ஒரு மஞ்சள் பல்பு. வெளியிலிருப்பவருக்கு நம் உதவி தேவைப்பட்டால் அமுக்கலாம். பல்பு எரிந்தால் டேக் எவ்வளவு அருமையாகப் போனாலும் நிறுத்த வேண்டும். உங்கள் பல்பு இதுவரை எரியவில்லை என்றால் சந்தோஷம். ஆனால் மாதத்துக்கு ஒருமுறையாவது அது எரிகிறதா என்று பாருங்கள், அதில் துணி காயப்போடாதீர்கள்.

அந்த எஃபெக்டை எப்படிச் செய்தேன் என்று இப்போது தெரிந்துவிட்டது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அந்தத் தட்டைப் போடும்போது, சங்கு அறுகிற இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, யாரோ உங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருங்கள். அதன்பிறகு என்னிடம் வந்து, ரெண்டு நிமிஷம்தானே சார் என்று சொல்லிப் பாருங்கள்.